பூஞ்சிட்டுக்குத் தனிப் பந்தயம், பையனுக்கு மட்டும் எடுத்ததுமே பெரிய மாடா?

பன்னிரண்டாவது ரிசல்ட் வந்துட்டா நம்ம பக்கத்துல வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். எந்தக் காலேஜ்ங்கிறது ரெண்டாவது கேள்வி. எந்த வண்டிங்கிறதுதான் முதல் கேள்வி. அதுவும் சாதா வண்டி இல்ல, குனிஞ்சு படுத்து ஓட்டுற ஸ்போர்ட்ஸ் பைக். வெளிநாட்டுல இருக்கிற அப்பா போன்லயே "வாங்கிக்கடா"ங்கிறார். ஊர்ல இருக்கிற அப்பா நகையை அடகு வச்சு முன்பணம் கட்டுறார்.

இதை எதிர்த்துத்தான் எழுதுறேன். பையனுக்கு பைக்கே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. கீழச்சிவல்பட்டியில நின்னு பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். நான் சொல்றது ஒண்ணுதான். ஓட்டிப் பழகுற வண்டி வேற, ஆசைப்படுற வண்டி வேற. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பதினெட்டு வயசுப் பையன் கையில குடுக்காதீங்க.

நம்ம சிவகங்கைச் சீமையில மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்காதவங்க யாரு? பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு, தூரத்தையும் அதுக்குத் தக்கபடிதான் வைக்கிறோம். பூஞ்சிட்டைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டுப் பந்தயத்துல பூட்டுறேன்னு ஒருத்தன் வந்தா கமிட்டிக்காரங்க சும்மா விடுவாங்களா? உழவுக்குப் பழக்குற கன்னையும் முத நாளே பாரம் இழுக்க விடுறதில்ல. பழகின மாட்டோட ஜோடி சேர்த்து, வெறும் நுகத்தடியில நடக்க விட்டுத்தான் பழக்குறோம். மாட்டுக்கு இவ்வளவு பார்க்கிற நாம பெத்த பிள்ளைக்கு ஏன் பார்க்கிறதில்ல?

சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம ஊர் ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. அங்க முதல்ல 2பி லைசென்ஸ்தான், 200 சிசி வரைக்கும். அதை ஒரு வருஷம் வச்சிருந்து, மறுபடி படிச்சுப் பாஸ் பண்ணினாத்தான் 2ஏ, 400 சிசி வரைக்கும். அதுக்கும் மேல போகணும்னா இன்னொரு வருஷம், இன்னொரு டெஸ்ட். ஐரோப்பாவுலயும் இதே மாதிரி படிப்படியாத்தான் ஏத்துறாங்க. நம்ம நாட்டுல கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ். 100 சிசி வண்டியில எட்டுப் போட்டுக் காமிச்சவன், லைசென்ஸ் கைக்கு வந்ததும் 1340 சிசி ஹயபூசாவுல ஏறிப் போனாலும் சட்டம் தடுக்காது. சட்டம் விட்டுட்டா அப்பனும் விட்டுடணுமா?

"நாங்கல்லாம் ஆர்எக்ஸ் 100 ஓட்டலையா, எங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னு என் வயசுக்காரங்க மீசையை முறுக்குறாங்க. பங்காளி, கணக்கைப் பாருங்க. 1985-லேர்ந்து 1996 வரைக்கும் வந்த அந்த வண்டிக்கு 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவைச் சுத்தி. இன்னைக்குப் பையன் கேக்குற ஆர்15-க்கு 18 குதிரைத்திறன், எடை 140 கிலோவுக்கு மேல. கேடிஎம் 390-க்கு 40 குதிரைத்திறனுக்கும் மேல. உங்க ஆர்எக்ஸ் மாதிரி நாலு வண்டியை ஒண்ணாப் பூட்டின மாதிரி. அன்னைக்கு ரோட்டுல இருந்த வண்டி எத்தனை, இன்னைக்கு எத்தனைன்னும் யோசிங்க.

ஷோரூம்ல கேட்டா "155 சிசிதான் சார், சின்ன வண்டி"ம்பாங்க. சிசியை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சீட்டுல உக்காந்தா ரெண்டு காலும் தரையில நல்லாப் பதியுதா? சாஞ்சு போன வண்டியைப் பையன் தனியாத் தூக்கி நிறுத்துறானா? ஹேண்டில் பார் தாழ்ந்து இருந்தா உடம்புப் பாரம் மணிக்கட்டுலதான் இறங்கும். சின்னச் சந்துல திருப்புறதே பழகாதவனுக்குப் போராட்டம். ஆர்15 சீட் உயரம் 815 மில்லிமீட்டர். ஜிக்ஸர் எஸ்எஃப்-ல 795, பவரும் 14 குதிரைத்திறனுக்குள்ள, ஹேண்டிலும் அவ்வளவு தாழ்வு இல்ல. பார்க்க ஸ்போர்ட்ஸ் பைக் மாதிரியே இருக்கும். ஆசைக்கு ஆசை, பழக்கத்துக்குப் பழக்கம்.

நம்ம ரோட்டையும் நினைச்சுப் பாருங்க. திருப்பத்தூர் பக்கம் போனாலும் திருமயம் பக்கம் போனாலும் ஆடு குறுக்க வரும், மயில் பறந்து விழும், அறுப்புக் காலத்துல பாதி ரோட்டுல நெல்லு காயும். தை மாசம் பழனிக்கு நடந்து போறவங்க இருட்டுல ஓரமாப் போவாங்க. 40-ல போறப்ப பிரேக் அடிச்சு நிக்கிற தூரம், 80-ல போனா ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். இது புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் ஒண்ணுதான்.

பசங்க பார்க்கிற வீடியோவைப் பத்தியும் சொல்லணும். 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கம் ஹைவேயில டிடிஎஃப் வாசன் முன்சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தார். கேஸ் ஆச்சு, கைதானார், லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு ரத்து பண்ணினாங்க. அவர் உடம்பு பூராக் கவச உடை போட்டிருந்தார், கை முறிவோட தப்பிச்சார். அவரைப் பார்த்து ஓட்டுற நம்ம பசங்க செருப்புக் காலோட போறாங்க, ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து வருது. ஓட்டுறவனோட சேர்த்து, அவனைப் பார்த்துக் கை தட்டுற நம்மளையும்தான் கேள்வி கேக்கணும்.

பத்தாவது படிக்கிற பையன் கையில சாவி குடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல திருத்தின சட்டப்படி, 18 ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் பண்ணினா பெத்தவங்களுக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். ஆர்சி 12 மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. பெருமைக்குக் குடுத்த சாவி அவன் பொழைப்பையே பூட்டிரும்.

சரி, என்னதான் பண்றது? எல்எல்ஆர் போட்ட நாள்லேர்ந்து ஒரு வருஷம் 100 அல்லது 125 சிசி வண்டி. செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டு தடவை கீழ போட்டாலும் மனசு வலிக்காது. மழையில, ராத்திரியில, பின்னாடி ஆள் வச்சு ஓட்டிப் பழகட்டும். அப்புறம் 150, 160 சிசி, ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கிற வண்டியாப் பார்த்து வாங்குங்க. ஒரு சக்கரத்துக்கு மட்டும் இருக்கிறதும் உண்டு, கேட்டு வாங்குங்க. 390-ஐயெல்லாம் அவன் சம்பாதிச்சு அவனே வாங்கிக்கட்டும். அதுக்குள்ள கையும் புத்தியும் பழகியிருக்கும்.

ரெண்டு லட்சம் வண்டிக்கு ஒதுக்கினா, அதுலேர்ந்தே ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட், கையுறை, ஷூவுக்கு முதல்ல எடுத்து வைங்க. இன்சூரன்ஸும் கூடும். 2022-ல அறிவிச்ச கட்டணப்படி புது வண்டிக்கு அஞ்சு வருஷ மூணாம் நபர் இன்சூரன்ஸ், 150 சிசிக்குள்ள 3,851 ரூபாய். தாண்டினா 7,365. கீழ விழுந்தா முன்னாடி மூடியிருக்கிற பிளாஸ்டிக் மாத்துற செலவு தனி.

"பையன் கோவிச்சுக்கிட்டுச் சாப்பிட மாட்டேங்கிறான்"னு சொல்ற தாய்மாருக்கு: ரெண்டு நாள் பட்டினி கிடக்கட்டும் ஆத்தா, ஒண்ணும் ஆகாது. நான் எழுதினதுல யாருக்காவது கோவம்னா நேர்ல வாங்க, வயல்லதான் இருப்பேன்.