ஷானனில் அவசரம் இல்லை

அயர்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டப்ளினில் இறங்கி, ஒரு பஸ்ஸில் ஏறி, நாலு நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிட்டுக் கழுத்து வலியோடு ஊர் திரும்புகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓடிய பச்சை நிறம் ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம்! நேயர்களில் யாருக்காவது அந்தப் பிரயாணம் வாய்த்தால் ஒரு யோசனை: படகில் போங்கள்.

ஷானன்தான் அந்தத் தீவில் மிக நீளமான நதி. சுமார் 360 கிலோமீட்டர். நடு அயர்லாந்து தட்டையான பூமியாகையால் தண்ணீருக்கும் அவசரம் கிடையாது. ஏரிக்கு ஏரி இளைப்பாறிக்கொண்டு போகிறது. கரையோர ஊர்களில் படகு வாடகைக்குக் கிடைக்கும். உள்ளேயே படுக்கை, அடுப்பு, ஸ்நான அறை எல்லாம் உண்டு. ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். படகுக்காரர் சிறிது நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, “சரி, போய் வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார். அவருடைய தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்! கோடையானாலும் மழைக் கோட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வடக்கு நோக்கிப் போகும்போது, ஆத்லோன் நகரை எட்டுவதற்கு முன், ஒரு வளைவில் புல்வெளி நடுவே வட்டமான கற்கோபுரம் எழும்பி நிற்கும். அதுதான் குளோன்மக்னாய்ஸ். கியாரன் என்ற துறவி 6-ம் நூற்றாண்டின் நடுவில் அமைத்த மடாலயம். இந்த அத்துவானத்தில் மடம் கட்டுவானேன் என்று தோன்றும். அன்று அது நாற்சந்தி. வடக்கு தெற்காக நதி ஒரு ராஜபாட்டை. கிழக்கு மேற்காக, பனியுகம் விட்டுச் சென்ற நீண்ட மணல்மேடு இன்னொன்று. சதுப்பு நிலத்துக்கு நடுவே கால் நனையாமல் நடக்க அதுதான் வழி. இரண்டும் சந்திக்கும் இடம் பார்த்துத்தான் அமர்ந்தார் கியாரன். அவர் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். மடம் பல நூற்றாண்டுகள் வித்யாபீடமாக விளங்கியது. படிக்க வந்தவர்களும் நதி வழியே வந்தார்கள். கொள்ளையடிக்க வந்த வைக்கிங்குகளும் அதே நதி வழியேதான் வந்தார்கள். 1124-ல் கட்டி முடித்த கோபுரத்தை 1135-ல் இடி தாக்கியது. 1552-ல் ஆத்லோனிலிருந்து வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் மிச்சமிருந்ததையும் சூறையாடினார்கள். காரில் வந்தால் காட்சிசாலை வழியாக உள்ளே போகவேண்டும். படகில் வந்தால், துறவியும் திருடனும் கண்ட அதே காட்சியை நீங்களும் காணலாம்.

ஆத்லோனையும் ரீ ஏரியையும் தாண்டினால் குளோண்டாரா என்ற சிற்றூர். டப்ளினிலிருந்து வரும் ராயல் கால்வாய் 1817-ல் இங்கே ஷானனைத் தொட்டது. இங்கே ஒரு நாள் தங்குங்கள்.

உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நாடே பட்டினி கிடந்த 1847-ம் ஆண்டில், பக்கத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஜமீனிலிருந்து 1,490 குடியானவர்களை வெளியேற்றினார்கள். அநாதை விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவது செலவு குறைவு என்பது ஜமீனின் கணக்கு! குழந்தை குட்டிகளோடு இந்தக் கால்வாய்க் கரையிலேயே டப்ளின் வரை நடந்தார்கள். வழியில் யாரும் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள ஜமீன் ஆள் ஒருவன் கூடவே நடந்தான். லிவர்பூலில் கப்பல் ஏறியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் புதுவாழ்வைக் காணவே இல்லை. அந்தப் பாதை இன்று 165 கிலோமீட்டர் நடைபாதையாக இருக்கிறது. வழியெங்கும் வெண்கலத்தில் வார்த்த சின்னஞ்சிறு குழந்தைச் செருப்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துவிட்டுப் படகுக்குத் திரும்புகிறவர்கள் அன்று அதிகம் பேசமாட்டார்கள்.

அதற்கு வடக்கே, லீட்ரிம் என்ற ஊரில் கிழக்கே பிரிகிறது ஷானன்–எர்ன் நீர்வழி. இதன் கதை சிரிப்பதற்கு உகந்தது. 1860-ல் வெட்டி முடித்தார்கள். அதற்குள் ரெயில் வந்துவிட்டது. விரல் விட்டு எண்ணக்கூடிய படகுகளே போயின, பத்தாண்டுக்குள் கைவிட்டுவிட்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தூர்ந்து கிடந்ததை மறுபடி தோண்டி 1994-ல் திறந்தார்கள். 63 கிலோமீட்டர் தூரம், 16 மதகுகள். கதவை மூடித் தண்ணீரை நிரப்பிப் படகைத் தூக்கும் வேலையை இப்போது நீங்களே ஒரு பொத்தானை அமுக்கிச் செய்துகொள்ளலாம்.

போகப் போக வுட்போர்டு ஆறு வரும். சில இடங்களில் ஒரு கரை அயர்லாந்துக் குடியரசு, மறு கரை பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்து. கலவரக் காலத்தில், 1972-ல், அகலேன் என்ற இடத்தில் இருந்த பாலத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். எதிர்க்கரை உறவினர் வீட்டுக்குப் போகவும் ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தார் நீர்வழியைத் திறந்தபோது கூடப் பாலம் எழவில்லை. 1998-ல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. 1999-ல் புதுப் பாலம் வந்தது. இரு தரப்பும் சேர்ந்து நீர்வழிகளைப் பராமரிக்க ஒரு பொது அமைப்பும் அந்த உடன்படிக்கையின் பயனாக உருவாயிற்று.

பாலத்தடியில் படகு போகும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. எந்தக் கரையில் கயிற்றைக் கட்டினாலும் புல் ஒரே பச்சைதான். கொஞ்ச தூரத்தில் எர்ன் நதி. வலப்புறம் திரும்பினால் பெல்டர்பெட் ஊர். இடப்புறம் போனால் தீவுகள் நிறைந்த எர்ன் ஏரி. படகைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தால் இடப்புறமே திரும்புங்கள்.