கம்பளத்திற்கு ஊர் எது?

ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் பழங்கம்பளம் ஒன்று உள்ளது. அதன்மேல் ஒரு தோட்டமே விரிந்து கிடக்கிறது. நடுவில் மண்டபம்; நாற்புறமும் வாய்க்கால்கள்; அவற்றில் நீந்தும் மீன்கள்; கரையெங்கும் மரங்கள். ஈரான் நாட்டின் கிர்மான் பகுதியில் நெய்யப்பட்டதாக அறிஞர் கருதும் இக்கம்பளம், 1632ஆம் ஆண்டிலேயே ஆம்பேர் அரண்மனைக் கணக்கில் ஏறிவிட்டது. 'அயல்நாட்டுக் கம்பளம்' என்று அங்கிருந்தோர் குறித்து வைத்தனர். அக்குறிப்பில் பிழையில்லை.

ஆனால், அதே காலத்தில் லாகூரிலும் ஆக்ராவிலும் நெய்யப்பட்ட கம்பளங்களையும் 'ஈரானியக் கம்பளங்களின் நகல்' என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு நேர்மையானதன்று.

அக்பர் தேர்ந்த நெசவாளர்களை அமர்த்திக் கம்பளத் தொழிலை வளர்த்தார். ஆக்ரா, பதேபூர், லாகூர் ஆகிய ஊர்களில் அது சிறந்து விளங்கியதாக அபுல் பசல் எழுதியுள்ளார். தொடக்கத்தில் ஈரானியக் கொடிகளும் பூக்களுமே இங்கும் நெய்யப்பட்டன. அதை மறைக்க வேண்டியதில்லை. முதலில் கற்பித்தவருக்குரிய பெருமை ஈரானுக்கே உரியது.

கற்றவர்கள் அதனோடு நிற்கவில்லை. யானையும் காண்டாமிருகமும் கம்பளத்தில் இடம்பெற்றன. அரக்கிலிருந்து எடுத்த செந்நிறம் கம்பளிக்கு ஏறியது. ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீர் சென்றபோது அந்நிலத்து மலர்களில் மனம் பறிகொடுத்தார். ஓவியர் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார். ஐரோப்பியத் தாவர நூல்களின் படங்களும் அரண்மனைக்கு வந்து சேர்ந்தன. இவற்றின் பயனாக, ஷாஜஹான் காலத்துக் கம்பளங்களில் சுருள்கொடிகளுக்கு மாற்றாகத் தனித்தனிச் செடிகள் தலைநிமிர்ந்து நின்றன. தண்டு, இலை, மொட்டு, மலர் என்று ஒவ்வொன்றையும் பிரித்தறியலாம். இத்தகைய செடிகளை எவரும் நகல் என்று சொல்ல இயலாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈரானியக் கம்பளங்களில் நெளியும் மேகச்சுருளும் தாமரையும் சீனத்திலிருந்து வந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் ஈரானை ஆண்டபோது அவ்வடிவங்கள் அங்கு வேரூன்றின. லாகூரை நகல் என்பவர் தப்ரீசையும் அவ்வாறே அழைக்க வேண்டும். ஒருவரும் அழைப்பதில்லை!

வடிவம் எங்கிருந்து வந்தாலும் அது தானே கம்பளமாகிவிடாது. பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, ஊடை செலுத்தி, சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். காஷ்மீர் நெசவாளர் 'தாலீம்' என்னும் குறியீட்டுத் தாளைப் பயன்படுத்துகின்றனர். எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதை ஒருவர் உரக்கப் படிக்க, தறியில் இருப்போர் அதற்கேற்ப முடிச்சிடுவர். பல மாத உழைப்பை ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அக்கைகளுக்கு இழைக்கும் அநீதியாகும்.

லண்டனில் இடைவார் செய்வோர் சங்கத்திற்கு 1634இல் ஒரு கம்பளம் பரிசாக வந்தது. அதை நெய்வித்தவர் ராபர்ட் பெல் என்னும் ஆங்கில வணிகர். நடுவில் அச்சங்கத்தின் சின்னம். சுற்றிலும் ஈரானிய மரபில் வந்த பூங்கொடிகள். சின்னம் ஆங்கிலேயருடையது, கொடி ஈரானியருடையது. முடிச்சிட்ட விரல்களோ லாகூருக்குரியவை. அருங்காட்சியகங்கள் இத்தகைய கம்பளங்களின் கீழ் எழுதும்போது, லாகூர் என்ற பெயரை முதல் வரியிலேயே எழுத வேண்டும்.