ஐந்து பழைய இசைத்தொகுப்புகள்: ஒரு வரிசையும் ஒரு வேண்டுகோளும்

கலையைத் தராசில் நிறுக்கலாமா என வினவுவோர் உளர். நிறுக்கலாம் என்பதே நம் கருத்து. "எல்லாம் நன்று" என்று கூறி நகர்பவனுக்குக் காரணம் கூறும் கடமை இல்லை. ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைப்பவனுக்கோ அக்கடமை உண்டு. காரணம் தேடும்போதுதான் செவி கூர்மை பெறுகிறது. ஆதலின், இவ்வாண்டு நாம் கேட்ட பழைய இசைத்தொகுப்புகளுள் நெஞ்சில் நின்ற ஐந்தினை ஈண்டு வரிசைப்படுத்துகிறோம்.

ஐந்தும் சொல்லற்ற கருவியிசை. தமிழ் பயில்வோர் சொல்லற்ற இசையை நாடியது ஏன் எனின், சொல் உள்ளவிடத்து நம் செவி சொல்லின் பின்னே ஓடிவிடுகிறது. இசையை இசையாகவே கேட்கும் பயிற்சி நமக்கு வேண்டும். நாம் கொண்ட அளவுகோல்கள் இரண்டு. தொகுப்பு முழுமையும் ஓருடலாய் இயங்குகிறதா என்பது ஒன்று. மீண்டும் மீண்டும் கேட்கையில் புதியது புலனாகிறதா என்பது மற்றொன்று.

ஐந்தாம் இடம் பெறுவது 1967இல் வெளிவந்த 'வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்'. சித்தார் மேதை ரவிசங்கரும் வயலின் மேதை யெகுதி மெனுகினும் இணைந்தது. கிராமி விருது பெற்றது. எனினும் இசைத்தட்டின் முதற் பக்கத்தில் சந்தித்த கிழக்கும் மேற்கும் மறு பக்கத்தில் பிரிந்துவிடுகின்றன. அங்கே மெனுகினும் அவர் தங்கை எப்சிபாவும் ருமேனிய இசைஞர் எனெஸ்குவின் சொனாட்டாவை வாசிக்கின்றனர். இனிய வாசிப்புத்தான்; ஆயினும் ஓருடல் அன்று.

நான்காம் இடம் 'சக்தி' குழுவின் முதல் தொகுப்பிற்கு. 1975இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் அவையினர் முன் பதிவாகி, 1976இல் வெளிவந்தது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாலினின் கிதார், எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் எனப் பல ஆறுகள் கூடும் கடல் அது. உள்ளவை மூன்றே உருப்படிகள். நெடிய இரண்டில் வேகம் வியப்பூட்டுகிறது. குறுகிய ஒன்றே நெஞ்சைத் தொடுகிறது. வியப்பினும் உருக்கமே நெடிது நிற்பது.

மூன்றாம் இடம் மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆஃப் புளூ'. 1959ஆம் ஆண்டு மார்ச்சு 2, ஏப்பிரல் 22 ஆகிய இரு நாள்களில் நியூயார்க்கில் பதிவாகியது. அடிக்கடி மாறும் சுரக்கூட்டுகளின் வழியே ஓடிய ஜாஸ் இசையை, ஒரு சுரவரிசையில் நின்று விரித்துப் பாடும் நெறிக்குத் திருப்பிய ஆக்கம் இது. இராக ஆலாபனை கேட்டுப் பழகிய செவிக்கு இது அயலாகத் தோன்றாது. வாசித்த ஓசையினும் விட்ட இடைவெளி மிகுதியாய்ப் பேசுகிறது.

இரண்டாம் இடம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). தியாகராசருக்கும் செருமானிய மேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாக்கின் தனி வயலின் ஆக்கம் ஒன்றைத் தம் இசையோடு உரையாட வைக்கும் துணிவு இதிற் காணப்படுகிறது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அத்துணிவிற்கு உயிர் தருகிறது. நம்மவர் ஆக்கமாயிருந்தும் முதலிடம் தரத் தயங்கியது ஏன்? ஒவ்வோர் உருப்படியும் தனித்தனி மணியாய் ஒளிர்கிறது. இடம் மாற்றிக் கோத்தாலும் மாலை கெடுவதில்லை. நடுவுநிலை என்பது நம்மவரையும் அதே கோலால் அளப்பதன்றோ!

முதலிடம் 'கால் ஆஃப் தி வேலி' (1967). சிவகுமார் சர்மாவின் சந்தூர், அரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் கப்ராவின் கிதார் ஆகிய மூன்றும் கூடிக் காசுமீர் இடையன் ஒருவனின் ஒரு நாளைச் சித்திரிக்கின்றன. ஆகிர் பைரவில் காலை விடிகிறது. பகாடியில் இரவு அடங்குகிறது. இங்கு வரிசையை மாற்ற இயலாது. மாற்றினால் பொழுதே புரண்டுவிடும். திணைக்குச் சிறுபொழுதும் யாழும் வகுத்த மரபினர் நாம். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்தவர் நம் முன்னோர். அம்மரபில் வந்தோர்க்கு இத்தொகுப்பின் நுட்பம் விளக்காமலே விளங்கும்.

இவ்வரிசையோடு உடன்படாதோர் இருக்கலாம், இருத்தலே நன்று. ஆனால் மாறுபடுவதற்கும் முழுத் தொகுப்பைக் கேட்டாக வேண்டும். 1948இல் நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டு வந்தபின், பக்கத்திற்கு இருபது மணித்துளிக்கு மேல் கிடைத்த இடத்தைக் கலைஞர்கள் ஒரு காவியம் போல் திட்டமிட்டனர். இன்றோ கைப்பேசிச் செயலி அவற்றைக் கலைத்துப்போட்டு ஒலிக்கிறது. காப்பியத்தின் காதைகளைக் குலுக்கிப்போட்டுப் படிப்பாரும் உண்டோ?

அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பழைய இசைத்தட்டின் உறையில் வாசித்தோர் பெயர்கள் இருந்தன, விளக்கவுரையும் இருந்தது. 'கைண்ட் ஆஃப் புளூ'வின் உறையில் பியானோ வாசித்த பில் எவன்சே கட்டுரை எழுதினார். திருத்த இயலாத சப்பானிய மை ஓவியத்தோடு அவ்விசையை ஒப்பிட்டார். இன்று திரையில் இசையமைப்பாளர் பெயரும் பாடகர் பெயரும் மின்னுகின்றன. குழலூதியவரும் தோல் முழக்கியவரும் பெரும்பாலும் பெயரின்றி மறைகின்றனர். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறியதை வகுப்பறையில் படிக்கிறோம். படித்தபின், நம் காலத்துத் தண்ணுமையோன் யாரென அறியாமலே பாட்டைக் கேட்கிறோம்.

ஆதலின் மாணவ நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் கிடக்கும் இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் ஒலிக்கக் கருவி இல்லை என எறிய நேரலாம். அவற்றின் உறையை எறியாதீர்கள். அதிலுள்ள பெயர்களைப் படியெடுங்கள். பெயரில்லாத பாடல்களுக்கு வாசித்தவர் யாரெனக் கேட்டெழுதுங்கள். ஜாகிர் உசேன் 2024இலும் சிவகுமார் சர்மா 2022இலும் மறைந்தனர். அவர்கள் புகழ் உலகறிந்தது, பெயர் நிற்கும். ஒலிப்பதிவுக் கூடத்து மூலையில் அமர்ந்து வாசித்த நூற்றுக்கணக்கானோர்க்கு நாம் எழுதினாலன்றிப் பெயர் நில்லாது.