அளக்குங் கருவியை அளப்போம்

துலாக்கோலின் சிறப்பு யாது? பாரத்தைத் தூக்குமுன் தான் சமனாக நிற்றலேயாம். அதனாலன்றோ திருவள்ளுவனார் நடுவுநிலைமையைக் கூறுமிடத்துச் சான்றோர்க்கு அதனை உவமையாக்கினார். கடைக்காரரின் தராசும் நிறைகற்களும் காலந்தோறும் சோதிக்கப்பட்டு அரச முத்திரை பெறுதல் வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். அரிசியிலே சிறிது குறைந்தாலும் வழக்காடும் நம்மிற் பலர், உயிரோடு தொடர்புடைய ஓர் அளவுகருவியை ஒருமுறையேனும் சோதித்தறியாது இல்லத்திலே வைத்திருக்கின்றோம். குருதியமுக்கமானியே அக்கருவியாம்.

ஒருகாலத்தில் வைத்தியசாலைகளிலே மாத்திரம் காணப்பட்ட இக்கருவி, இன்று குடாநாட்டின் வீடுகள் பலவற்றிலும் அலுமாரித் தட்டிலே இடம்பெற்றுள்ளது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் மைந்தர் தாய் தந்தையர்க்கு அன்புடன் அனுப்புகின்றனர். சனசமூக நிலையங்களுக்கும் வைத்திய முகாம்களுக்கும் அன்பளிப்பாகவும் அது வருகின்றது. அவ்வன்பினை யாம் குறைகூறோம். ஆயினும், கருவியை ஈந்தமட்டில் ஈகை முற்றுப்பெறாது. அது மெய்யே கூறுதற்கான ஏற்பாட்டையும் உடன் ஈதல் வேண்டுமென்பதே எமது துணிபு.

1896ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் இறீவா-றொச்சி மேற்கையிற் பட்டி சுற்றி, இரசக் குழாயினால் அமுக்கத்தை அளந்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொறொற்கொவ், நாடியின் ஒலியைச் செவியாற் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். நெடுங்காலம் இரசக்கருவியே உரைகல்லாக விளங்கிற்று. ஆனால் இரசம் நஞ்சாதலின், 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, 2020இன் பின் அத்தகைய கருவிகளின் உற்பத்தியும் வணிகமும் பொதுவாக ஒழிதல் வேண்டுமென விதித்தது. அதன் இடத்தை முள்வட்டக் கருவியும் இலத்திரனியற் கருவியும் பெற்றன. முன்னையது கீழே விழுந்தாற் பிழைகூறத் தொடங்கும். பின்னையதோ நாடி ஒலியைக் கேட்பதன்று. பட்டியிலெழும் அதிர்வை உணர்ந்து, அதனை ஆக்கியோர் அமைத்த கணக்கின்படி ஓர் எண்ணைக் காட்டுவது. ஆகலின், ஒவ்வொரு மாதிரியும் 85 பேரிடமேனும் பயிற்சி பெற்றோரின் அளவோடு ஒப்பிடப்படுதல் வேண்டும், சராசரிப் பிழை 5 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச நியமம். இச்சோதனையிலே தேறியதும் தேறாததும் கடைத்தட்டில் அருகருகே இருக்கும். பெட்டியின் அழகு உண்மைக்குச் சான்றாகாது.

"ஐந்து மில்லிமீற்றர் என்ன பெரிது?" என்பாரும் உளர். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களிலே சுகாதாரத் தொண்டர் வீடுவீடாகச் சென்று பணிசெய்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. அத்துணை உழைப்பினாலும் மேலமுக்கத்திலே மிகையாகக் கிடைத்த குறைவு ஏறத்தாழ 5 மில்லிமீற்றரே. அதுவே பெரும்பயனெனப் போற்றப்பட்டது. 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வோ, மிகப் பெரிய பட்டி வேண்டிய பருத்த கைக்குச் சாதாரண பட்டியைச் சுற்றின் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் கூடுதலாகக் காட்டுமென அறிவித்தது. கையைத் தொங்கவிடின் 6 மில்லிமீற்றருக்கு மேல் மிகுமென 2024இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. ஒரு பட்டியின் பிழை ஈராண்டு உழைப்பை விழுங்கிவிடும் என்பது இதனாற் புலனாகும்.

பொய்யாக உயர்ந்த எண், வேண்டாத மாத்திரையை ஊட்டி முதியவரைத் தலைசுற்றி விழச் செய்யலாம். பொய்யாகத் தாழ்ந்த எண்ணோ அதனினுங் கொடிது; "குறையொன்றுமில்லை" என்று உறங்கச் செய்து, பாரிசவாதத்தை வாயிலிலே கொணர்ந்து நிறுத்தும்.

செய்யத்தக்கது யாது? 1847இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ்வழி மருத்துவங் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அத்தகைய மண்ணிலே, கருவியோடு வரும் பிறமொழித் தாளைப் படிக்கவியலாது ஒரு மூதாட்டி மயங்குதல் நமக்கு நாணமன்றோ? ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தல், முதுகைச் சாய்த்தல், பாதங்களை நிலத்தில் ஊன்றுதல், கையை நெஞ்சளவில் தாங்குதல், கைக்கேற்ற பட்டியைச் சுற்றுதல், அளக்கும்போது பேசாதிருத்தல், சிறிது பொறுத்து மீண்டும் அளத்தல் என்னும் இவற்றை ஒரு பக்கத்திலே நல்ல தமிழில் எழுதி, அன்பளிக்கும் ஒவ்வொரு கருவியோடும் சேர்த்தனுப்புதல் எம்போன்ற தமிழாசிரியர் கடன்.

பழைய மாணவர் சங்கத்தாரோ ஆண்டுக்கொருநாள் கல்லூரி மண்டபத்திலே சோதனை நாள் ஒன்றை நடத்தலாம். ஊரவர் தத்தங் கருவியைக் கொணர்க. நியமத்தோடு ஒப்பிட்டுச் சான்று பெற்ற அமுக்கமானியோடு அதனைக் குழாயால் இணைத்துப் பார்த்து, 3 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபடின் ஒதுக்குக. நமது சங்கத்து மருத்துவர்கள், உரியவரின் கையிலேயே தம் அளவையும் கருவியின் அளவையும் ஒப்பிட்டுக் கூறுக. பௌதிகவியல் பயிலும் மாணவர்க்கு இதனினுஞ் சிறந்த செய்முறைப் பாடம் உண்டோ?

புதிய கருவிகள் பத்து வழங்குதலினும், உள்ள கருவிகள் நூற்றைச் சீர்தூக்குதல் சிலவேளை பெருந்தருமமாகும். இவ்விழா ஆண்டிலேயே அன்பர்கள் இதனைத் தொடங்குவாராக.