வரம் ஓயவில்லை என்றால் கோடு ஏன் ஓயவில்லை?

அன்னியபாஷை, குணமாக்குதல், தீர்க்கதரிசனம் எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிஞ்சு போச்சு என்கிறது ஒரு கட்சி. 1918-இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் வார்ஃபீல்டு இதற்காக ஒரு புத்தகமே போட்டார். இல்லை, இன்றைக்கும் இறங்குது என்கிறது பெந்தெகொஸ்தே கட்சி. இரண்டு பேரும் ஒரே வசனங்களைத்தான் புரட்டுகிறார்கள். வரம் யார்மேல் இறங்கியது, இறங்கின பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம், தோழர்களே.

வில்லியம் சீமோர், 1870-இல் லூசியானாவில் பிறந்த கறுப்பர். அப்பா அம்மா அடிமைகளாக இருந்து விடுபட்டவர்கள். ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைப் போதகர் ஆவியின் வரம் பற்றிப் பாடம் நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. சீமோர் வகுப்புக்கு வெளியே கதவோரம் உட்கார்ந்து கேட்டார். தனிக் கோணிச்சாக்கில் உட்கார்ந்து படித்த அம்பேத்கரை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் அசுசா தெருவில், குதிரை லாயமாகக் கிடந்த ஒரு பழைய கறுப்பர் கோயிலில் அந்தக் கதவோரத்து மனிதர் கூட்டம் நடத்தினார். அன்னியபாஷை பேசினார்கள். பத்திரிகைகள் கேலி பேசின. ஆனால் பெரிய அதிசயம் வேறு. கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகரும் பக்கம் பக்கமாக மண்டியிட்டார்கள். கறுப்பரை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றுகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது!

அதே வருடம் அக்டோபரில் பார்ஹாம் வந்து பார்த்தார். வெறிக்கூத்து என்றார். நிறம் கலந்து ஜெபித்ததையும் அவரால் பொறுக்க முடியவில்லை. 1914-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் உருவானபோது பெரும்பாலும் வெள்ளையர் சபையாகவே உருவானது. மெம்பிஸில் ஒரு வெள்ளைப் போதகர் கறுப்பு ஆயரின் காலைக் கழுவி மன்னிப்புக் கேட்டது 1994-இல். 88 வருடம்! இத்தனை காலமும் பாஷை ஓயவில்லை. கோடு அழிந்ததுதான் ஓய்ந்தது. ஓயவைத்தது கடவுளா? மனுசன்தான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 12-ஆம் அதிகாரத்தில்தான் வரங்களுக்கு வருகிறார். 11-இல் என்ன இருக்கிறது? கர்த்தருடைய பந்தியில் இருக்கிறவன் தின்று முடிக்க, இல்லாதவன் பசியோடு கிடப்பதைக் கண்டிக்கிறார். முதலில் பந்தி, பிறகுதான் வரம்.

நம்ம பக்கமும் அப்படித்தான். அசுசாவுக்கு 46 வருடம் முன்னாலேயே, 1860-இல், அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றித் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் வந்தது. அதில் அன்னியபாஷையும் உண்டு, தீர்க்கதரிசனமும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறித்தவனாகச் செத்த பிறகும் நம்மாளுக்குத் தனிக் கல்லறைதான்.

வரம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு மறுபடியும் அங்கி போட்டவன் கைக்கே போய்விடும். எழுத்துத் தெரியாத நம் அம்மாக்கள் சபை நடுவே எழுந்து பேசும் தைரியம் இந்த நம்பிக்கையில் வந்தது. அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் முடவன் நடந்தான் என்று மேடை போட்டுக் காட்டுகிறவரை விடவும் கூடாது. உங்கள் ஆவி கல்லறைச் சுவரைத் தாண்டியதா? சாதி பார்க்காமல் பெண் கொடுத்ததா?

அற்புதக் கூட்டத்துக்கு நோட்டீஸ் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.