முகவரி இல்லாத கத்திகள்

ஜப்பானிய மரபில் கையால் அடித்துச் செய்தது என்ற விளம்பரத்தோடும், 70 விழுக்காடு தள்ளுபடி இன்னும் சில மணி நேரமே என்று எச்சரித்து ஓடும் கடிகாரத்தோடும் அயல்நாட்டு இணையக் கடைகளில் மலிவாக விற்கப்படும் சமையலறைக் கத்திகளில் பல, ஜப்பானின் சகாய், செகி, எச்சிசென் முதலிய கத்தித் தொழில் ஊர்களைக் கண்டவையே அல்ல. சீனாவின் கத்தி, கத்தரிக்கோல் தொழிலுக்குத் தலைமையிடமாக விளங்கும் குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங் போன்ற இடங்களில் உருவாகும் அவை, விற்பவர் சரக்கைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல், பணம் வந்தபின் வேறொருவரின் கிடங்கிலிருந்து பொருளை நேரே வாங்குபவரின் வீட்டுக்கு அனுப்பச் செய்யும் 'டிராப்ஷிப்பிங்' என்ற வணிக முறையில் நாடு கடக்கின்றன. இதைச் சீனப் பொருளின் குறை என்று சுருக்கிவிடுவது பிழை. யாங்ஜியாங்கில் மிக நல்ல கத்திகளும் செய்யப்படுகின்றன, மேலை நாட்டு நிறுவனங்கள் தம் பெயரில் விற்பவையும் அங்கே செய்யப்படுகின்றன. செய்தவர், விற்றவர், இறக்குமதி செய்தவர் என்ற மூவரில் ஒருவர்கூட அந்தக் கத்திக்குப் பொறுப்பாகத் தம் பெயரை முன்வைக்காத ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

கத்தி இத்தகைய ஏற்பாட்டுக்கு எளிதில் இடம் கொடுப்பதற்குக் காரணம், அதன் தரம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருப்பதே. வாங்கும் முன்பே மதிப்பிடக்கூடியவை, பயன்படுத்திய பின்பே மதிப்பிடக்கூடியவை என்று பண்டத்தின் தன்மைகளைப் பொருளியலாளர் பிலிப் நெல்சன் 1970இல் பிரித்துக் காட்டினார். பயன்படுத்திய பின்னும் வாங்கியவரால் உறுதி செய்துகொள்ள இயலாத, விற்பவரின் சொல்லை நம்பியே ஏற்க வேண்டிய மூன்றாவது தன்மையை மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் 1973இல் சேர்த்தனர். அலகின் வடிவமும் பிடியின் மரமும் முதல் வகையைச் சேரும். கூர் எத்தனை நாள் நிற்கும் என்பது இரண்டாம் வகை. எஃகின் கலவையும் அதற்குக் கொடுத்த வெப்பப் பதமும் மூன்றாம் வகை. ஒளிப்படத்தால் முதல் வகையை மட்டுமே காட்ட முடியும், கத்தியின் விலையோ மற்ற இரண்டினால் அமைகிறது.

ஜப்பானின் டகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் நிறுவனம் தயாரிக்கும் விஜி-10 என்ற எஃகில் சுமார் 1 விழுக்காடு கார்பனும் 15 விழுக்காடு குரோமியமும், அவற்றோடு கோபால்ட், மாலிப்டினம், வனேடியம் ஆகியவையும் உண்டு. ஏறத்தாழ இதே கலவையுள்ள எஃகு சீனாவிலும் உருக்கப்படுகிறது, அது தாழ்ந்ததன்று. ஆனால் 0.3 விழுக்காடு கார்பனே உள்ள, துருப்பிடிக்காமையன்றிக் கூர் தாங்கும் வலிமை குறைந்த எஃகைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கண்ணால் பார்த்து இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல எவராலும் இயலாது. நல்ல எஃகே இருந்தாலும் தோய்ச்சல் சரியாக அமைய வேண்டும். தோய்ச்சல் என்பது, எஃகை 1,000 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குவது; அதன்பின் 150 முதல் 200 பாகை வரையிலான மென்சூட்டில் வைத்து, கடினத்தோடு வந்துவிடும் நொறுங்கும் தன்மையைக் குறைப்பர். முதல் வேலையில் வெப்பம் குறைந்தால் கூர் மடங்கும், இரண்டாம் வேலையைத் தவிர்த்தால் விளிம்பு பல் பல்லாக உதிரும். இவ்வளவும் ஒழுங்காக நடந்த பிறகும், ஆலையில் அவசரமாகச் சாணை பிடிக்கும்போது எழும் சூடு, மெல்லிய விளிம்பின் பதத்தை மட்டும் கெடுத்துவிடக்கூடும். ராக்வெல் அளவு என்பது வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ விசையில் எஃகின்மேல் அழுத்தி, அது இறங்கும் ஆழத்தால் கடினத்தைக் கணிப்பது. நல்ல பதத்தில் விஜி-10 இந்த அளவில் 60ஐ ஒட்டி நிற்கும். அந்த 60 என்ற எண்ணை அலகின்மேல் அச்சிடுவதற்கு எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை. பிடிக்குள் இறங்கும் எஃகுத் தண்டு முழு நீளமும் செல்கிறதா, இரண்டு விரற்கடையோடு நின்றுவிடுகிறதா என்பதும் அவ்வாறே மறைந்திருப்பது. பூசணிக்காயைப் பிளக்கும்போது பிடி முறிந்து கையைக் கிழித்த பிறகே அது தெரியவரும்.

'டமாஸ்கஸ்' என்று பெயர் சூட்டிய அலையலையான வரிகள் இந்த ஏமாற்றின் மிக வேதனையான பகுதி. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருளான மூசை எஃகு, இரும்பையும் கரிப்பொருளையும் மூடிய மண் மூசையில் வைத்து உருக்கி ஆக்கப்பட்டது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் பெரும் உற்பத்தியிடங்களாக இருந்தன, அதன் வரிகள் எஃகின் உள்ளமைப்பிலிருந்தே எழுந்தவை. அமெரிக்க அறிவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் பல ஆண்டுகள் முயன்று, எஃகில் இருந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்களே அந்த வரிகளை உண்டாக்கின என்று 1990களில் காட்டினர். இன்றைய நேர்மையான 'டமாஸ்கஸ்' கத்திகள் வேறு வகை: இரு வேறு எஃகுத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்து அடித்து, அமிலத்தில் தோய்த்து வரிகளை வெளிக்கொணர்வது. மலிவுக் கத்திகளில் பலவற்றிலோ லேசர் கதிரால் மேற்பரப்பில் பொறித்த படமே உள்ளது. உப்புத்தாளால் தேய்த்தால் அது மறைந்துவிடும், அடுக்கெஃகாயின் தேய்த்தபின் மீண்டும் அமிலமிட வரிகள் திரும்ப வரும். உலகம் வியந்த ஓர் உலோகக் கலையின் பெயர் இப்படிப் படமாகத் தேய்ந்துபோவதைத் தமிழர் இலேசாகக் கடந்துவிடலாகாது.

போலிப் பெயரில் மலிவுக் கத்தி விற்பது புதிதன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தித் தொழிலாளர் கழகம் 1624ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டு, ஒவ்வொரு கொல்லரின் முத்திரையையும் பதிவு செய்து காத்துவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நகரின் பெயரையே பொறித்து மலிவுக் கத்திகளை அனுப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது ஜெர்மனியின் சோலிங்கன். 1876இல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சிக்குச் சென்ற ஜெர்மானியப் பொறியியலாளர் ஃப்ரான்ட்ஸ் ரொய்லோ, தம் நாட்டுத் தொழிலின் கொள்கை மலிவும் மட்டமும் என்று கடிந்து எழுதினார். 1887இல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டம், பிரிட்டிஷ் பெயர் தாங்கி வரும் அயல்நாட்டுப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டையும் குறிக்க வேண்டுமென்றது. பெயரை மறைக்க வழியில்லாமற்போனபின் ஜெர்மானியத் தொழில் தரத்தால் அப்பெயரை உயர்த்தியது. 1938இல் சோலிங்கன் தன் பெயரைக் காக்கத் தானே ஒரு சட்டத்தைப் பெற்றது. முக்கியமான வேலைகள் அனைத்தும் அந்தத் தொழிற்பகுதியிலேயே நடந்தாலன்றி எந்தக் கத்தியும் அப்பெயரைத் தாங்க முடியாது.

பெயர் வெளிப்படையாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவிலேயே சான்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்லும் ஹாங்சோவின் ஜாங் சியாவ்சுவான் நிறுவனத்தின் கத்தி ஒன்று, பூண்டை நசுக்கியபோது உடைந்ததாக 2022 ஜூலையில் முறையீடு எழுந்தது. அந்தக் கத்தி பூண்டு நசுக்குவதற்கன்று என்று வாடிக்கையாளர் சேவையினர் சொன்ன மறுமொழி பொதுமக்களின் சினத்தைத் தூண்ட, நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஒரு பருவத்துக்கு ஒரு பெயரில் தோன்றி அடுத்த பருவத்தில் மறையும் இணையக் கடையிடம் அந்த மன்னிப்பை எவரும் பெற முடியாது.

இவ்வகைக் கடைகள் பெருகியதற்கு அஞ்சல் கட்டணமும் சுங்கச் சலுகையும் துணைநின்றன. பிற நாட்டு அஞ்சலை வீடு சேர்ப்பதற்கு அனுப்பும் நாடு கொடுக்கும் ஈட்டுத்தொகை, உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி சீனாவுக்கு நெடுங்காலம் குறைவாக இருந்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டுக்குப் பின்பே அது மாறத் தொடங்கியது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அமெரிக்கா தந்த சுங்க விலக்கு, சீனப் பொருள்களுக்கு 2025 மே மாதத்திலும் மற்ற நாட்டுப் பொருள்களுக்கு ஆகஸ்டிலும் முடிவுக்கு வந்தது. அன்பளிப்பு என்று எழுதிய பொதிகளாய் வணிகச் சரக்கு வருவதைக் கண்ட இந்தியா, 2019 டிசம்பரில் அவ்வழியைப் பெருமளவு அடைத்தது. இவற்றால் விலை கூடுமேயன்றிப் பொறுப்பு தானாக வந்துவிடாது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இங்கு நிறுவப்படாமல் இந்நாட்டு நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்கின்றன; ஆயினும் முகவரியில்லாக் கடைக்கு அறிவிப்பாணையை எங்கே அனுப்புவது என்ற வினா எஞ்சுகிறது. நேரே வீட்டுக்கு வரும் பொதியில் இறக்குமதியாளராகச் சட்டம் கருதுவது, அதை வாங்கிய ஏமாந்தவரையே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் பொருளை விற்க இடந்தருவதில்லை. அதே கடமையை இங்கும் விதிப்பதோடு, அக்கடைகளின் விளம்பரத்துக்குப் பணம் பெறும் சமூக ஊடக நிறுவனங்களும் விற்பவரின் முகவரியைச் சரிபார்த்து வெளியிட வேண்டுமென்று ஆணையிடுவதே உரிய வழி; இந்தச் சங்கிலியில் முகவரியுள்ளவர்கள் அவர்கள்தாம்.

அதுவரை வாங்கியவரிடம் எஞ்சுவது, அட்டை வழங்கிய வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரும் முறையீடு மட்டுமே. அதற்கான காலவரம்பு பெரும்பாலும் 120 நாள். கத்தியைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையைவிடக் கூடுதல் என்றும், 20 விழுக்காடு தருகிறோம், கத்தியை வைத்துக்கொள்ளுங்கள் என்றும், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றும் அடுத்தடுத்து வரும் மறுமொழிகள் அந்த நாள்களைக் கரைக்கின்றன. ஆகவே அத்தகைய முதல் மறுமொழி வந்த அன்றே, விளம்பரத்தின் படத்தையும் வந்த பொருளின் படத்தையும் இணைத்து வங்கியில் முறையீட்டைப் பதிவு செய்துவிட வேண்டும்.