சாலை சொல்லும் அளவையே படமும் சொல்லட்டும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போட்டித் தேர்வு மையம் ஒன்றின் பூட்டிய வாயிற்கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். மணி 9.05. ஒன்பது மணிக்கு மேல் எவரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. காவலுக்கு நின்றவரைக் குறை சொல்வதற்கில்லை. குறை முழுவதும், முந்தின இரவு நான் நம்பிய ஓர் எண்ணில் இருந்தது.

என் கையில் இருந்தது, அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா கொடுத்த கைப்பேசி. அதில் வரைபடத்தைத் திறந்து, எங்கள் ஊரிலிருந்து மையத்துக்கு வழி கேட்டேன். 9 என்றது. பக்கத்தில் இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை யார் பார்க்கிறார்கள்? காரில் போவோர்க்கு ஆகும் நேரத்தையும் காட்டியது. சைக்கிளில் போகிறவனுக்கு அதனால் என்ன பயன்? தூரத்தைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். மணிக்கு 12 கிலோமீட்டர் மிதிப்பேன், ஒன்பதுக்கு முக்கால் மணி நேரம், 7.50-க்குப் புறப்பட்டால் போதும். கணக்கில் பிழையே இல்லை. எட்டு கிலோமீட்டர் கடந்தபின், சாலையோரக் கல்லில் அந்த ஊருக்கு இன்னும் 6 என்று கண்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. நான் பார்த்த ஒன்பது, மைல். அதாவது பதினான்கரைக் கிலோமீட்டர்!

“கல்லப் பாத்துப் போடான்னா போனப் பாத்துப் போனா இப்படித்தான்” என்றார் அப்பா. அவர் கோபத்தில் சொன்னாலும், நான் சொல்ல வந்த கருத்தும் ஏறக்குறைய அதுதான்.

நம் கல்லூரிக் கணினி அறிவியல் பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். படத்தின் உள்ளே மைலும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை என்றார் அவர். ஒவ்வோர் இடத்துக்கும் உரிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தாம் அங்கே இருக்கின்றன. தூரம் பெரும்பாலும் மீட்டரில் கணக்கிடப்பட்டு, திரையில் காட்டும் கடைசி நொடியில்தான் மைலாகவோ கிலோமீட்டராகவோ வேடம் போடுகிறது. ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர், ஒரே ஒரு வகுத்தல், அவ்வளவுதான். எந்த வேடம் என்பதைப் பல செயலிகள் கைப்பேசியில் குறித்துள்ள நாட்டைக் கொண்டு முடிவு செய்கின்றன. நாம் ‘ஆங்கிலம்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்குள்ளேயே அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம், இந்திய ஆங்கிலம் என்று மொழிக்கு ஒரு நாட்டு வால் இருக்கிறது. என் கைப்பேசியின் வால் அமெரிக்காவில் இருந்தது. நான் மட்டும் இங்கே சைக்கிளில் இருந்தேன்.

நண்பர்களே, இங்கேதான் தவறு நிகழ்கிறது என்பேன். தூரத்தை எந்த அளவையில் சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியது மொழியும் அல்ல, கைப்பேசி வந்த நாடும் அல்ல. காலடியில் கிடக்கும் சாலை.

அயர்லாந்துத் தீவைப் பாருங்கள். தெற்கே அயர்லாந்துக் குடியரசு, வடக்கே பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்து. இரண்டு பக்கமும் ஆங்கிலமே பேசுகிறார்கள். எல்லையைக் கடப்பது அடுத்த தெருவுக்குப் போவது போல. ஆனால் 2005 ஜனவரி 20 அன்று குடியரசு தன் வேக வரம்புப் பலகைகளை எல்லாம் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டது. 1965-இலேயே மெட்ரிக் மாற்றத்தைத் தொடங்கிய பிரிட்டனோ, தன் சாலைகளில் மட்டும் மைலை விடவில்லை. ஆகவே வடக்கே 60 என்று எழுதிய பலகையைத் தாண்டித் தெற்கே நுழைந்தால் 100 என்று நிற்கிறது. அந்த நூறை மைல் என்று எடுத்துக்கொண்டு ஒருவர் காரை முடுக்கினால் மணிக்கு 160 கிலோமீட்டர்! அங்கே மொழியைக் கேட்டு அளவையைத் தீர்மானிக்கும் வரைபடம் ஓட்டுநருக்கு என்ன துணை செய்யும்? அமெரிக்காவிலேயே அரிசோனா மாநிலத்தில், டூசானிலிருந்து நொகாலெஸ் போகும் 19-ஆம் எண் நெடுஞ்சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரிலும் வேகப் பலகைகள் மைலிலும் இருக்கின்றன. விசித்திரம்தான், ஆனால் சாலை அப்படி இருக்கிறதே!

அலகை மறந்துவிட்டு எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலையில் கனடாவில் நடந்ததைச் சொல்வார்கள். அந்நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு எரிபொருள் கணக்கிட்டவர்கள், ஒரு லிட்டரின் எடையைப் பவுண்டில் சொல்லும் 1.77 என்ற எண்ணை, கிலோவுக்கு உரியதாகக் கொண்டுவிட்டார்கள். தேவையில் பாதிகூட நிரம்பவில்லை. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி அதைச் சறுக்கு விமானம் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார், யாரும் சாகவில்லை. என் தேர்வு எங்கே, அந்த விமானம் எங்கே! ஆனாலும் பிழையின் வேர் ஒன்றுதான்.

“அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே” என்று விடுதி நண்பன் கேட்டான். மாற்றத் தெரிந்தவனுக்கு இயல்புநிலை எப்படி இருந்தால் என்ன? அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாதவர்களுக்காகத்தானே அதை யோசித்து வைக்க வேண்டும்! இன்னொருவன், உலகம் முழுவதும் கிலோமீட்டரையே கட்டாயமாக்க வேண்டும் என்றான். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. லண்டனில் வண்டி ஓட்டுகிறவர் முன்னால் உள்ள பலகை மைல் சொல்லும்போது படம் கிலோமீட்டர் சொன்னால், அவர் அங்கே நான் இங்கே பட்டதைப் படுவார்.

தன்னார்வலர்கள் கூடித் தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் உலக வரைபடம் இதில் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. அது 2004-இல் பிறந்தது மைல் பலகைகள் நிற்கும் பிரிட்டனில்தான். ஆயினும், வேக வரம்பை அலகு குறிப்பிடாமல் வெறும் எண்ணாக எழுதினால் அது கிலோமீட்டர். மைல் என்றால் மைல் என்று கூடவே எழுதியாக வேண்டும் என்பது அவர்களின் வழக்கம். பலகையில் உள்ளது உள்ளபடியே ஏட்டில் ஏறுகிறது, சந்தேகத்துக்கும் இடமில்லை.

நாம் மட்டும் பெரிய மெட்ரிக் பக்தர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1956-இல் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. இன்றைக்கும் நிலம் ஏக்கரிலும் சென்டிலும்தான் கைமாறுகிறது. வீட்டுக்குச் சதுர அடி, காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட். என் பாட்டி ‘ரெண்டு கல்லு தூரம்’ என்றால் அது மைலா கிலோமீட்டரா என்று அவரிடமே கேட்டால்தான் தெரியும். ஆனால் சாலைக் கல்லுக்கு மைல்கல் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், அதில் எழுதியிருப்பது கிலோமீட்டர். இந்தச் சாலையில் போகிறவனுக்கு அதுதான் அளவை. படம் தயாரிப்பவர்கள் நான் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அறிகிறார்கள். அந்த இடத்தின் கல்லில் எது எழுதியிருக்கிறது என்று அறிவது அதைவிடக் கடினமா? குறைந்தபட்சம் அந்த இரண்டு சிறிய எழுத்துகளை ‘மைல்’ என்று முழுச் சொல்லாக, எண்ணின் அளவுக்குப் பெரிதாக எழுதலாமே!

மாமாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை, வருத்தப்படுவார். அலகைக் கிலோமீட்டருக்கு மாற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே தேர்வுக்கு இந்த ஆண்டும் விண்ணப்பித்திருக்கிறேன். மையம் எந்த ஊர் என்று இன்னும் தெரியவில்லை.